சுகமாகாதவரின் சாட்சி

பைப்புக்காரருக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான். அதற்கு மேல் ஒரு மிடறுகூடக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தரைக்கடியில் ஓடும் சாக்கடை வரை முப்பது வருஷமாகத் தண்ணீரோடு குடும்பம் நடத்திய மனுஷனுக்கு இப்படியொரு தீர்ப்பு. “ஆண்டவருக்குக் கிண்டல் பண்ணத் தெரியும். ஆனா கொஞ்சம் மட்டமான ரகம்” என்பார் அவர். உடனே அவர் மனைவி காதைப் பொத்திக்கொண்டு, கூரையைப் பார்த்து மன்னிப்புக் கேட்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்காக மன்னிப்புக் கேட்பதும் சமையலைப் போல அவளுக்குத் தினசரி வேலையாகிவிட்டது.

அவருக்கு வயது ஐம்பத்து நாலு. சிறுநீரகம் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கையை விரித்து இரண்டு வருஷமாகிறது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் சாய்வு நாற்காலியில் போய்ப் படுக்க வேண்டும். நாலு மணி நேரம். இடது கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போய், மெஷினில் அலசப்பட்டு, மற்றொன்றின் வழியாகத் திரும்பி வரும். இதற்காகவே முழங்கைக்குப் பக்கத்தில் ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று ஓடுவது தெரியும். தினமும் காலையில் கண் விழித்ததும் கையைக் காதருகே கொண்டுபோய்க் கேட்பார்.

“லைன் ஓடுது” என்று மனைவியிடம் அறிவிப்பார். “டாக்டர் போட்ட ஜாயின்ட் பரவாயில்ல. நான் போட்டிருந்தா இன்னும் சுத்தமா இருந்திருக்கும்.”

நோய் ஏன் வந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, பத்து வருஷமாக டாக்டரையும் மனைவியையும் ஏமாற்றி ஜன்னல் வழியே வீசிய மாத்திரைகள். அவர் கேட்டது வேறு கேள்வி. எதற்கு? ஒரு வால்வை வைத்தால் அது எதற்கென்று வைத்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த வியாதியை ஆண்டவர்தான் அனுமதித்தார் என்று சபையில் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் எதற்கு என்று அவருக்குத் தெரியுமல்லவா? ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பதில் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. பாஸ்டர் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டு, “பொன்னைப் புடமிடுற மாதிரி ஆண்டவர் உங்களைப் புடமிடுறாரு பிரதர்” என்றார். “நான் பொன்னுன்னு யாரு ஐயா சொன்னது? நான் பித்தளை. ரொம்ப சூடு காட்டினா விரிசல்தான் விடும்” என்றார் இவர். சபையின் செயலாளர் அம்மா, ரிட்டையரான டைப்பிஸ்ட், குரலைத் தாழ்த்திக்கொண்டு, “உள்ளுக்குள்ள மறைச்சு வெச்ச பாவம் ஏதாவது இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க” என்றார். “மறைச்சு வெச்சதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நான் பண்ணது எல்லாம் ஊருக்கே தெரியும்.” வந்தவர்கள் டீ குடித்தார்கள். பைப்புக்காரர் அவர்கள் தொண்டைக்குழி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபத்தில் அவர் மனம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஆளுக்கு எத்தனை மிடறு என்பதிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்து நாற்காலி தையல்காரனுடையது. முப்பத்தெட்டு வயது, ஒடிசலான உடம்பு, அதைவிட ஒடிசலான தைரியம். முதல் நாள் ஊசியைப் பார்த்ததும் கண்ணீர் விட்டான். “அழாத தம்பி, தண்ணி வீணாகுது. நமக்கு அளந்துதான் குடுக்கறாங்க” என்றார் பைப்புக்காரர். அவன் அழுதுகொண்டே சிரித்துவிட்டான். அன்றிலிருந்து அவர் அவனுக்கு அண்ணன்.

அவன் சும்மா இருக்கவில்லை. குளிரூட்டிய அறையில் எல்லோரும் சட்டையின் ஒரு கையைத் தோள் வரை சுருட்டிவிட்டு வெடவெடவென்று நடுங்குவதைப் பார்த்தான். அடுத்த வாரமே பைப்புக்காரருக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டு வந்தான். இடது கையில் தோளிலிருந்து முழங்கை வரை ஒரு திறப்பு, அதை மூட அமுக்கு பட்டன்கள். ஊசி போடும் இடத்தை மட்டும் திறந்துகொள்ளலாம். மூன்றே மாதத்தில் அந்த வார்டில் எல்லோரும் அவன் தைத்த சட்டையைத்தான் போட்டிருந்தார்கள். நர்சம்மா ஊசியோடு வந்து நின்றதும் பட், பட், பட் என்று வரிசையாகப் பட்டன்கள் திறக்கும் சத்தம் கேட்கும்.

அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, வந்த பத்து நாளில் தானாகவே பிடிபட்டுவிடும். ஒரு நாற்காலி காலியாக இருந்தால் அதைப் பற்றி யாரும் யாரையும் கேட்கக் கூடாது. ஆள் நேரம் மாறியிருக்கலாம், மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பெரும்பாலும் பதில் அதுவாக இருக்காது. அதனால் எல்லோரும் காலி நாற்காலியைப் பார்க்காத மாதிரி சுவரைப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் அதில் புது ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வாயாடியான பைப்புக்காரர்கூட இந்த ஒரு விஷயத்தில் ஊமைதான்.

வினை ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சாகி வந்தது.

சபையில் மாதம் ஒரு முறை ஒரு சீட்டு கொடுப்பார்கள். இடது பக்கம் ‘ஜெபிக்க’, வலது பக்கம் ‘ஸ்தோத்திரிக்க’. செயலாளர் அம்மா போன மாதச் சீட்டையே கம்ப்யூட்டரில் திறந்து, பழையதை அழித்துப் புதியதை அதன் மேலேயே அடிப்பார். அந்த மாதம் அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இடது பக்கம் போக வேண்டிய பைப்புக்காரர், வலது பக்கம் யாரோ ஒரு மூட்டுவலிக்காரரின் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். சீட்டில் இப்படி இருந்தது: ‘நம் பிளம்பர் சகோதரர் பூரண சுகம் பெற்றமைக்காக.’

ஆராதனை முடிந்ததும் ஒரே தழுவல், ஒரே முத்தம். “தப்பு, தப்பு” என்று சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் அதற்குள் அடுக்குமாடிக் கட்டடத்துக்காரர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “நல்லா ஆயிட்டீங்களாமே! நாற்பது வீட்டுக்கு லைன் இழுக்கணும். நாளைக்குக் காலையில வந்துடுங்க.”

இந்த மனிதர்தான் ஆறு மாதத்துக்கு முன்பு, ‘உங்க உடம்பு இருக்கிற நிலைமையில எதுக்கு வீண் சிரமம்’ என்று தேன் ஒழுகச் சொல்லி, வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்தவர். நோய்க்காரன் என்று தெரிந்த நாளிலிருந்து பைப்புக்காரரை யாரும் ஒரு ஒழுகும் குழாய்க்குக்கூடக் கூப்பிடுவதில்லை. ஊசி குத்தும்போதுகூட வலிக்காத ஒரு இடம் அவருக்கு அப்போதெல்லாம் வலித்தது. இப்போது நாற்பது வீடு. அவர் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

திங்கள் முதல் தன் நேரத்தை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டார். காலையில் கட்டடம், மத்தியானம் மெஷின். மனைவி விடவில்லை.

“ஆண்டவர் பேர்ல பொய் சொல்றீங்க.”

“நான் ஒரு வார்த்தை சொன்னேனா? அவங்க அச்சடிச்சாங்க. நான் படிச்சேன்.”

“வாயை மூடிக்கிட்டே பொய் சொல்ல முடியும்னு இன்னிக்குத்தான் கத்துக்கிட்டேன். நல்லா இருங்க” என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அன்று அவருக்காக அவள் கூரையைப் பார்த்து மன்னிப்புக் கேட்கவில்லை. அதுதான் அவரை உறுத்தியது. இருந்தாலும் ஏணி மேல் நின்று ஸ்பேனரைத் திருகும்போது மனுஷன் விசிலடித்தார். பல மாதமாகக் காணாமல் போயிருந்த விசில்.

ஒன்றரை வாரம் போயிற்று. புதன்கிழமை மத்தியானம் வார்டில் எடை பார்க்கும் மெஷின் மேல் அவர் ஏறி நின்றார். மூன்று கிலோ கூடுதல். இரண்டு நாள் சேர்ந்த தண்ணீர். கண் இமைகள் இட்லி மாதிரி உப்பியிருந்தன என்று சொல்ல நினைப்பவர்கள் சொல்லிக்கொள்ளலாம், அவரே சொன்னது, “வாஷர் ஊறிப்போன மாதிரி.” அப்போது கூட வந்திருந்த அவர் மனைவியின் போன் அடித்தது. எடுத்துப் பேசியவள் முகம் பேயறைந்தது போல ஆனது. போனை அவர் காதில் வைத்தாள்.

தையல்காரனின் மனைவி பேசிக்கொண்டிருந்தாள். “அக்கா, அண்ணனுக்கு எத்தனாவது நாள் சுகம் தெரிஞ்சுது? அதை மட்டும் சொல்லுங்க. இவரு ஒரு வாரமா ஊசி போட்டுக்கல. அண்ணனைத் தொட்ட ஆண்டவர் என்னையும் தொடுவாருன்னு அந்தச் சீட்டைச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்காரு. ராத்திரியெல்லாம் படுக்க முடியல, மூச்சு வாங்குது. இன்னும் எத்தனை நாள் அக்கா?”

நடந்தது இதுதான். போன புதன்கிழமை காலை, சபையின் ஆஸ்பத்திரிக் குழு வார்டுக்கு வந்து ஆளுக்கொரு சீட்டு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. பக்கத்து நாற்காலி திங்களும் காலி, புதனும் காலி. தையல்காரன் வழக்கப்படி யாரையும் கேட்கவில்லை. அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்து உள்ளுக்குள் நொறுங்கிப் போயிருந்தவன் கையில்தான் அந்தச் சீட்டு விழுந்தது. பூரண சுகம்! போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஆண்டவர் செய்த அற்புதத்தைப் போன் போட்டுச் சரிபார்ப்பது அவிசுவாசம் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தவர்களிடம் வெளியூரில் இருப்பதாகச் சொல்லிவிட்டான்.

பைப்புக்காரர் எடை மெஷினிலிருந்து இறங்கி நேராக லிஃப்டுக்கு நடந்தார்.

“எங்க போறீங்க? மெஷின் ரெடி, மூணு கிலோ ஏறியிருக்கு!” என்று நர்சம்மா கத்தினார்.

“இந்த மூணு கிலோ இப்பத்தான் வேணும் எனக்கு. ரெண்டு நாற்காலி வைங்க, வந்துடறேன்.”

தையல்காரனின் வீடு ஒரு சந்தின் கடைசியில், மாடியில் இரண்டு அறை. படி ஏறுவதற்குள் பைப்புக்காரருக்கும் மூச்சு முட்டியது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்தால் திறக்காதே என்பது உத்தரவாம். கூட வந்த பைப்புக்காரர் மனைவியின் குரலைக் கேட்டுத்தான் திறந்தார்கள்.

தையல் மெஷினுக்குப் பக்கத்தில், மூன்று தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து அவன் உட்கார்ந்திருந்தான். முகம் ஊதி, உதடு வெளுத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. போட்டிருந்தது அவன் தைத்த ஆஸ்பத்திரிச் சட்டைதான். ஆனால் கையில் திறப்பு இல்லை. அமுக்கு பட்டன்களைப் பிரித்து எடுத்துவிட்டு, தோளிலிருந்து முழங்கை வரை நெருக்கமாகத் தையல் போட்டு மூடியிருந்தான். இனி அது தேவையில்லை என்ற விசுவாசம்.

“அண்ணே!” என்றான் அவன். முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா, சாட்சி சொல்ல அண்ணனே வந்துட்டாரு.”

“தம்பி, என் மூஞ்சிய நல்லாப் பாரு.”

அவன் பார்த்தான். இரண்டு வருஷம் பக்கத்தில் படுத்திருந்தவனுக்கு அந்த வீக்கம் தெரியாதா? சிரிப்பு மெல்லக் குறைந்தது.

“இல்லண்ணே... சீட்டுல போட்டிருந்துச்சே.”

“சீட்டு தப்பு. தப்புன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். வேலை வந்துச்சு, நாற்பது வீடு, வாயை மூடிக்கிட்டேன். நீ இங்க மூச்சு விட முடியாம உக்காந்திருக்கே, நான் அங்க விசிலடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். என்னைச் செருப்பால அடி.”

பட், பட், பட். பட்டன்களைத் திறந்து இடது கையை நீட்டினார். திங்கட்கிழமை குத்திய இரண்டு ஊசித் தடமும் பொருக்குத் தட்டியிருந்தன. அவன் கையைப் பிடித்து இழுத்து அந்தத் தழும்பின் மேல் வைத்தார். அளவெடுத்துப் பழகிய விரல்கள் அங்கேயே நின்றன. உள்ளே விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

அவன் உடைந்து அழுதான். “அப்போ ஆண்டவர் யாரையும் சுகமாக்க மாட்டாரா?”

இந்த இடத்தில் ஒரு கிண்டல் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“தெரியல தம்பி. ஆக்குவாரு போல. என்னை ஆக்கல.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “ஒண்ணு கேக்கறேன், சொல்லு. ஆண்டவர் சிலுவையில செத்து மூணாம் நாள் எழுந்து வந்தாரே, அப்போ அவர் கையில ஆணி அடிச்ச ஓட்டை இருந்துச்சா, இல்லையா?”

“இருந்துச்சு.”

“சாவையே ஜெயிச்சவருக்கு அந்த ஓட்டையை அடைக்கத் தெரியாதா? நானே அடைப்பேன், அரை மணி நேர வேலை. ஏன் அடைக்காம வந்தாரு? அவரோட சீஷருங்க பயந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உள்ள உக்காந்திருந்தாங்கல்ல, அவங்களுக்குக் காட்டணும்ல. அதைத் தொட்டுப் பாத்தப்புறம்தான் ஒருத்தன் நம்பினான். நம்ம கிட்ட மட்டும் வேற என்ன இருக்கு காட்டறதுக்கு? எனக்கு இந்தக் கைதான் இருக்கு. இதை நம்பி எழுந்து வா.”

சொல்லி முடித்ததும் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருஷமாகக் கூரையைப் பார்த்து எதற்கு, எதற்கு என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். பூரண சுகம் பெற்ற ஒருவர் அன்று அந்த அறைக்குள் வந்திருந்தால் தையல்காரன் இன்னும் இரண்டு நாள் அப்படியே உட்கார்ந்திருப்பான். மூன்றாம் நாள் உட்கார அவன் இருந்திருக்க மாட்டான். அந்த வீட்டுக்கு அந்த நேரத்தில் ஊரிலேயே உபயோகப்படக்கூடிய ஒரே ஆள், சுகமாகாத இந்தப் பைப்புக்காரர்தான். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆண்டவர் மேல் கோபமும் முழுசாகப் போய்விடவில்லை. எல்லாம் சேர்ந்து கண்ணில் தண்ணீராக வந்தது.

“அழாதீங்கண்ணே, தண்ணி வீணாகுது” என்றான் தையல்காரன்.

பிறகு மனைவியிடம் பிளேடு கேட்டான். அவள் அவன் சட்டைக் கையின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். பிளேடு துணியில் மாட்டியது. “துணியக் கிழிச்சிடப் போறே, குடு” என்று அவள் கையிலிருந்து வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில், மூச்சுக்குத் தவித்துக்கொண்டே, ஒவ்வொரு தையலாக அவனே பிரித்தான். இரண்டாவது மாடியில் நர்சம்மா இருவரையும் சேர்த்து வைத்துக் கிழித்த கிழியை இங்கே எழுத முடியாது. அவன் நாலு நாள் உள்ளேயே கிடந்தான். பிழைத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் பைப்புக்காரர் போய் மைக்கைப் பிடித்தார். “எனக்கு சுகமாகல” என்றார். பழக்க தோஷத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் “ஸ்தோத்திரம்!” என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் நடந்ததையெல்லாம், தான் வாயை மூடிக்கொண்டு சொன்ன பொய் உட்பட, ஒன்று விடாமல் சொன்னார். செயலாளர் அம்மா அழுதார். பாஸ்டர் மைக்கை வாங்கி, “நான் உங்ககிட்ட பொன், புடம்னு சொன்னேன். எனக்கே தெரியாத விஷயம் அது, பிரதர்” என்றார். அந்த மனுஷனை அன்றுதான் பைப்புக்காரருக்கு முதல்முறையாகப் பிடித்தது. கட்டடத்துக்காரர் வாசலிலேயே காத்திருந்து, மறுபடியும் தேன் ஒழுக, மீதி வீடுகளை வேறு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பைப்புக்காரர் வீட்டுக்கு வந்து, “ஆண்டவர் ஒரு கையில குடுத்து மறு கையில பிடுங்கறாரு, பாத்தியா?” என்றார். மனைவி காதைப் பொத்திக்கொண்டு கூரையைப் பார்த்தாள். அவருக்கு அப்பாடா என்றிருந்தது.

திங்கள் காலை அவர் பழைய நேரத்துக்கே திரும்பினார். கதவோரத்து நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்த வாத்தியாரம்மா எங்க?” என்று வார்டே அதிரக் கேட்டார்.

நர்சம்மா முறைத்தார். அவர் விடவில்லை, நம்பரை வாங்கிக்கொண்டு, ஊசி போட்ட கையை அசைக்காமல் வலது கையால் போன் போட்டார். பேத்திக்குப் பரீட்சை, மத்தியானம் வருகிறாராம். வார்டு முழுக்க மூச்சு விட்டது. அதற்குப் பிறகு காலி நாற்காலி என்று ஒன்று இருந்தால் அவர் கேட்காமல் விட்டதில்லை. சில நாள் கேட்கக் கூடாத பதிலும் வந்தது. அன்று அவர் ஒரு ஜோக்கும் சொல்ல மாட்டார். போன் எடுத்தவர் அழுது முடிக்கும் வரை காதிலேயே வைத்திருப்பார். வராமல் வீட்டில் முடங்கிக் கிடந்த மூன்று பேரைத் திட்டியே திரும்ப வரவழைத்தார். அதில் ஒருவர் இவர் திட்டுக்குப் பயந்து இன்னும் உயிரோடு இருப்பதாகப் பேச்சு.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுத் தொட்டி பொத்துக்கொண்டது. வேறு ஆள் கிடைக்காததால் இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆசை யாரை விட்டது? ஏணி மேல் நின்று, குழாய் மூட்டில் சுற்றும் நூல் சுருளை வாயில் கடித்துக்கொண்டு, சுற்றிலும் தண்ணீர் பீய்ச்சியடிக்க, நேரம் போனதே தெரியாமல் திருகிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. மணி ஏழு பத்து.

“அண்ணே” என்றது தையல்காரனின் குரல், வார்டே அதிரும்படி. “உங்க நாற்காலி காலியா இருக்கு. எங்க இருக்கீங்க?”

பைப்புக்காரர் முகத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டார்.

“இருக்கேன்டா” என்றார். “இதோ, இறங்கிட்டே இருக்கேன்.”